லிம்போமா வகைப்பாடு: ஸ்லைடிலிருந்து பெயருக்குப் போகும் பயிற்சி

22 வயதுப் பெண். கழுத்தில் நெறி கட்டி மூன்று வாரம் ஆகிறது. விட்டு விட்டுக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்தும் கரையவில்லை என்று நிணநீர்க் கணு ஒன்றை முழுதாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்லைடில் பார்த்தால் கணுவின் அமைப்பு பாதி இடத்தில் அழிந்திருக்கிறது. செத்த செல்களின் தூள் சிதறிக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் பெரிய பெரிய செல்கள், சில பிளவுபட்டுக்கொண்டிருக்கின்றன. செல்லில் உள்ள புரதங்களை ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றிக் காட்டும் ஐஎச்சி சாயம் போட்டால் அந்தச் செல்களில் பலவற்றில் டி-செல்லுக்கு உரிய சிடி3 ஏறுகிறது, சிலவற்றில் சிடி30-உம் ஏறுகிறது. செல் பெருக்கத்தைக் காட்டும் கி-67 மிக அதிகம். டி-செல் லிம்போமா, அதாவது டி-செல் என்ற லிம்போசைட்டில் (நோய் எதிர்ப்பு வெள்ளணுவில்) தோன்றும் புற்றுநோய், என்று ரிப்போர்ட் எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்தத் தூளுக்கு நடுவே சீழில் கூடும் நியூட்ரோஃபில் வெள்ளணு ஒன்றுகூட இல்லை என்பதையும், பிறை வடிவக் கருவோடு இருக்கும் ஹிஸ்டியோசைட்டுகளில் (கழிவை விழுங்கும் செல்களில்) மைலோபெராக்சிடேஸ் சாயம் ஏறுவதையும், டி-செல்களில் பெரும்பாலானவை சிடி8 வகை என்பதையும் பார்த்துவிட்டால் படம் மாறிவிடும். இது கிகுச்சி நோய். 1972-இல் ஜப்பானில் கிகுச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்தது. ஆசியாவில், அதிலும் இளம்பெண்களிடம், அதிகம் பார்க்கிறோம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். லூபஸ் (எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, கொஞ்ச காலம் கவனித்து வந்தால் போதும். லிம்போமா என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் கீமோதெரபி வார்டில் படுத்திருப்பார்.

மேலே சொன்னது ஒரு தனி நோயாளியின் கதை அல்ல. பயிற்சிக்காக, திரும்பத் திரும்ப வரும் அடையாளங்களைச் சேர்த்துக் கட்டிய கேஸ். லிம்போமா வகைப்பாட்டை இப்படித்தான் கற்றுத் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாடநூல் நோயின் பெயரில் தொடங்கும். 'ஃபாலிகுலர் லிம்போமா' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எல்லா அடையாளங்களையும் வரிசையாகத் தரும். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வரும் கணு எந்தத் தலைப்பையும் சுமந்து வராது. நோயாளியின் வயது, கட்டி இருக்கும் இடம், ஒரு வரி மருத்துவக் குறிப்பு, ஒரு ஸ்லைடு. இவ்வளவுதான் கையில் இருக்கும். அங்கிருந்து பெயரை நோக்கி நடக்க வேண்டும். புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் இந்த எதிர்த்திசை நடை பழகாது. கேஸ் பார்த்தால்தான் பழகும்.

இந்தத் துறையில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல் என்று மற்ற டாக்டர்களே கேட்பார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1832-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு பேரைப் பற்றி எழுதினார். மைக்ரோஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து எழுதியது. 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரை வைத்தார். அந்த நோயின் அடையாளமான பெரிய செல்லை 1898-இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902-இல் டோரதி ரீடும் தெளிவாக விவரித்தார்கள். இன்று அதை ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்கிறோம். ஹாட்ஜ்கின் பார்த்த கணுக்களில் அருங்காட்சியகத்தில் காப்பாற்றி வைத்திருந்த சிலவற்றை 1926-இல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, எல்லாமே ஹாட்ஜ்கின் நோயாக இருக்கவில்லை. தன் பெயர் தாங்கிய நோயை அடையாளம் காட்டியவரின் தொகுப்பிலேயே வேறு நோயும் கலந்திருந்தது. வெறும் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மைக்ரோஸ்கோப் வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஹென்றி ராப்பபோர்ட் 1966-இல் விரிவாக வெளியிட்ட வகைப்பாடு செல்லின் அளவையும் வடிவத்தையும், அது உருண்டை முடிச்சாக வளர்கிறதா, பரவலாக வளர்கிறதா என்பதையும் வைத்துப் பிரித்தது. அதில் பெரிய செல் லிம்போமாக்களுக்கு 'ஹிஸ்டியோசைட்டிக்' என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை ஹிஸ்டியோசைட்டுகளே அல்ல, உருமாறிய லிம்போசைட்டுகள் என்பது பிறகுதான் தெரிந்தது. பி-செல், டி-செல் என்ற பிரிவினை புரிந்ததும் 1974-இல் அமெரிக்காவில் லூக்ஸும் காலின்ஸும் ஒரு வகைப்பாடு கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து கார்ல் லென்னெர்ட் குழுவினர் இன்னொன்று கொடுத்தார்கள். 1982-இல் எல்லாவற்றுக்கும் நடுவே சமரசமாக வொர்க்கிங் ஃபார்முலேஷன் வந்தது. ஐரோப்பாவில் ஒரு மொழி, அமெரிக்காவில் ஒரு மொழி. ஒரு ஊர் ரிப்போர்ட்டை இன்னொரு ஊரில் மொழிபெயர்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

1994-இல் வந்த ரியல் (திருத்திய ஐரோப்பிய-அமெரிக்க லிம்போமா) வகைப்பாடுதான் திருப்பம். நான்சி ஹாரிஸும் உடன் உழைத்தவர்களும், எல்லா லிம்போமாவையும் ஒரே அளவுகோலில் அடுக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு நோயையும் தனி நோயாகவே பார்ப்போம் என்றார்கள். தோற்றம், செல்லின் மேல் இருக்கும் புரதங்கள், மரபணு மாற்றம், நோயாளியிடம் நோய் நடந்துகொள்ளும் விதம் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு பெயர். 1997-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைச் சோதித்தது. 8 நாடுகளிலிருந்து 1,403 கேஸ்கள், ஐந்து நிபுணர்கள். தோற்றத்தை மட்டும் பார்த்துச் சொன்னதைவிட, புரதச் சாயங்களைச் சேர்த்துப் பார்த்தபோது பல வகைகளில் துல்லியம் நன்றாகக் கூடியது. டி-செல் லிம்போமாக்களில் வித்தியாசம் பெரிது. ரியல் காட்டிய வழியில்தான் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் 2001, 2008, 2017 பதிப்புகள் வந்தன.

நான்கையும் சேர்த்துப் பார் என்று சொல்வது சுலபம். நான்கும் ஒன்றோடொன்று முரண்படும்போது எதை நம்புவது? பயிற்சி தேவைப்படும் இடம் அதுதான்.

ஒரு கேஸ் எடுத்துக்கொள்வோம். 65 வயது ஆண், பல இடங்களில் கணு வீக்கம். ஸ்லைடு முழுக்கச் சின்னச் சின்ன லிம்போசைட்டுகள். சிடி20 ஏறுகிறது, எனவே பி-செல். கூடவே சிடி5-உம் ஏறுகிறது. இப்போது இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. ஒன்று நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியாவின் கணு வடிவம். இன்னொன்று மேன்டில் செல் லிம்போமா. முதலாவதில் பலருக்குப் பல வருடங்கள் மருந்தே தேவைப்படாது, கவனித்து வந்தால் போதும். இரண்டாவது பொதுவாக வேகமானது. சைக்ளின் டி1 சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கும். மேன்டில் செல்லில் 11ஆம், 14ஆம் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதால் அந்தப் புரதம் அதிகமாகிறது.

சரி, சாயம் போட்டாயிற்று. சில இடங்களில் மட்டும் லேசாக ஏறியிருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்களில் பலர் இங்கே 'பாசிட்டிவ், மேன்டில் செல்' என்று எழுதிவிடுவார்கள். திரும்ப முதல் ஸ்லைடுக்குப் போய், சாயம் ஏறிய இடங்கள் எவை என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நாட்பட்ட லுக்கீமியாவின் கணுவில், செல்கள் கொஞ்சம் பெரிதாகி, வெளுத்த திட்டுகளாகத் தெரியும் பெருக்க மையங்கள் உண்டு. அவற்றில் சில சமயம் சைக்ளின் டி1 லேசாக ஏறும். மேன்டில் செல்லில் பெரும்பாலும் எல்லாச் செல்களின் கருவிலும் அழுத்தமாக ஏறும். பாசிட்டிவ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு படங்கள் ஒளிந்திருக்கின்றன. இதற்கு அப்புறம் சிடி23, லெஃப்1, சாக்ஸ்11 மூன்றும் போட்டால் சந்தேகம் தீரும், பெரும்பாலும்.

இதே பாடத்தை இன்னும் கூர்மையாகக் கற்றுத் தருவது பிசிஎல்2. ஃபாலிகுலர் லிம்போமாவில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் இடம் மாறுவதால் இந்தப் புரதம் முளைமையத்துச் செல்களில், அதாவது கணுவின் ஃபாலிக்கிள் என்ற உருண்டைகளுக்குள் பி-செல்கள் பெருகும் நடுப்பகுதியில், நிறைந்திருக்கும். நோய் எதிர்ப்பால் வீங்கிய சாதாரணக் கணுவின் முளைமையத்தில் இருக்காது. அழகான, எளிமையான விதி. ஆனால் பிசிஎல்2 நலமான டி-செல்களிலும் ஏறும், முளைமையத்தைச் சுற்றிய மேன்டில் வளையத்துச் செல்களிலும் ஏறும், இன்னும் முளைமையம் உருவாகாத தொடக்கநிலை ஃபாலிக்கிளிலும் ஏறும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் உண்டு. மறுபக்கம், ஃபாலிகுலர் லிம்போமாவே சில சமயம் வழக்கமான பிசிஎல்2 சாயத்தை ஏற்காது. மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் ஆன்டிபாடி ஒட்டும் இடம் சிதைந்திருக்கும், வேறு ஆன்டிபாடி போட்டால் ஏறும். சிடி20, சிடி3, சிடி10, பிசிஎல்6 ஸ்லைடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது எந்த செல், எந்தப் பகுதி என்று கேட்டுக்கொண்டே பார்க்காதவருக்கு பிசிஎல்2 ஸ்லைடு எதுவுமே சொல்லாது.

அதனால்தான் மேல்நிலைப் பயிற்சியிலும் முதல் நாளை சாதாரணக் கணுவுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறேன். வந்திருப்பவர்கள் முதலில் கொஞ்சம் பொறுமை இழப்பார்கள், லிம்போமா பார்க்க வந்தோம் என்று. ஆனால் பெரிய தவறுகள் பல இங்கேதான் பிறக்கின்றன. எப்ஸ்டைன்-பார் வைரஸ் காய்ச்சலில் டான்சிலில் வரும் பெரிய இம்யூனோபிளாஸ்ட் செல்கள் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் போலவே இருக்கும், சிடி30-உம் ஏறும். பதினாறு வயதுப் பையனின் டான்சிலில் ஹாட்ஜ்கின் என்று எழுதும் முன் ஒரு முறை நிற்க வேண்டும். ஹாட்ஜ்கின் லிம்போமா டான்சிலில் தொடங்குவது அரிது.

நம் நாட்டில் இதன் மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள். கழுத்தில் நெறி கட்டினால் முதலில் டிபி நினைவுக்கு வருவது நியாயம்தான். ஆனால் டிபியில் தெரியும் கிரானுலோமா, அதாவது ஹிஸ்டியோசைட்டுகள் திரண்ட முடிச்சு, ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் வரும். அதில் புற்றுச் செல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான், மற்றவை எல்லாம் சுற்றிக் கூடிய சாதாரணச் செல்கள். ஊசி டெஸ்ட்டில் கிரானுலோமா மட்டும் வந்து, புற்றுச் செல் ஊசியில் சிக்காமல் போனால், நோயாளி மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிடுவார். கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டுப் பயிற்சித் தொகுப்புகளில் இந்தக் கேஸ் ஓரத்தில்தான் இருக்கும். இங்கே அது நடுவில் இருக்க வேண்டும். கிரானுலோமா பார்த்ததும் தேடலை நிறுத்தாமல், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிகளை அதிகப் பெருக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம் கையோடு வர வேண்டும். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும்.

வேகம் உயிரைத் தீர்மானிக்கும் கேஸ்களும் உண்டு. டெனிஸ் பர்கிட் 1958-இல் உகாண்டாவில் குழந்தைகளின் தாடைக் கட்டிகளைப் பற்றி எழுதினார். இன்று அவர் பெயரில் இருக்கும் பர்கிட் லிம்போமா மனித உடலில் மிக வேகமாக வளரும் கட்டிகளில் ஒன்று. சிடி10, பிசிஎல்6 ஏறும். பிசிஎல்2 ஏறாது, அல்லது மிக லேசாக ஏறும். கி-67 ஏறக்குறைய நூறு சதவீதம். இங்கே பயிற்சியாளர் வைக்கும் பொறி, அதே தோற்றத்தில் வரும் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா. முதிராத லிம்போசைட்டுகளைக் காட்டும் டிடிடி என்ற ஒரே சாயம் போதும் பிரிக்க. ஆனால் பிரிக்க வேண்டும் என்ற நினைப்பு வர வேண்டும். பெரியவர்களில் வழக்கமான ஆர்-சாப் என்ற கூட்டு மருந்து பர்கிட்டுக்குப் போதாது. லிம்போபிளாஸ்டிக்குக்கு லுக்கீமியா மருத்துவம்தான். கி-67 நூறு என்பதை மட்டும் வைத்துப் பர்கிட் என்று எழுதவும் முடியாது, பரவலான பெரிய பி-செல் லிம்போமாவும் அவ்வளவு ஏறலாம்.

பெயர் சரியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரான்ஸிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. லிம்போபாத் என்ற தேசிய வலையமைப்பின் மூலம் லிம்போமா என்று சந்தேகிக்கும் கேஸ்களை நிபுணர்கள் இரண்டாம் முறை பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2010 முதல் 2013 வரை பல்லாயிரம் கேஸ்கள். அவற்றில் 19.7% நோயாளிகளுக்கு முதல் ரிப்போர்ட்டும் நிபுணர் ரிப்போர்ட்டும் வேறுபட்டன. 17.4% நோயாளிகளுக்குச் சிகிச்சையையே அது மாற்றியிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். வசதிகள் நிறைந்த நாட்டின் கணக்கு இது. முதல் ரிப்போர்ட் எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மார்பகம், குடல், தைராய்டு என எல்லா உறுப்பும் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்டின் மேசைக்கு அரிய லிம்போமா வகை ஒன்று சில வருடங்களுக்கு ஒரு முறைதான் வரும். அவர் அதை எங்கே பழகியிருக்க முடியும்? கேஸ் பயிற்சி அந்த வருடங்களைச் சில நாட்களாகச் சுருக்கித் தருகிறது.

ஐரோப்பிய ஹீமட்டோபேத்தாலஜி (ரத்த, நிணநீர் நோய்களின் பேத்தாலஜி) சங்கமும் அமெரிக்காவைச் சேர்ந்த ஹீமட்டோபேத்தாலஜி சங்கமும் நடத்தும் பட்டறைகள் இதில் நல்ல முன்மாதிரி. ஒரு தலைப்பைச் சொல்லி, உலகெங்கும் இருந்து கடினமான கேஸ்களை அனுப்பச் சொல்வார்கள். நிபுணர் குழு ஒவ்வொன்றையும் பார்த்துத் தன் முடிவைச் சொல்லும். அனுப்பியவரின் முடிவும் குழுவின் முடிவும் மாறுபட்டால், எங்கே, ஏன் மாறுபட்டது என்பதும் பிறகு கட்டுரைகளாக வெளிவரும். நம் ஊர் ஸ்லைடு செமினார்களும் இந்த வழிதான். பல தலை கொண்ட மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி உட்கார்ந்து பழகிய முறையை, ஸ்லைடை முழுதாக ஸ்கேன் செய்யும் வசதி இன்னும் எளிதாக்கிவிட்டது. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் அதே ஸ்லைடைத் தன் கணினியில் நகர்த்திப் பார்க்கலாம்.

ஆனால் கருவி எதுவானாலும் ஒரு ஒழுங்கை விடக் கூடாது. சாய முடிவுகளைத் திறக்கும் முன், அடிப்படைச் சாயம் மட்டும் போட்ட ஹெச் அண்ட் இ ஸ்லைடைப் பார்த்து ஒவ்வொருவரும் தன் முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தச் சாயங்கள் வேண்டும், ஏன் வேண்டும் என்றும் எழுத வேண்டும். விடை தெரிந்த பிறகு எல்லோருக்கும் அது வெளிப்படையாகத் தெரியும், 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். எழுதி வைத்த தவறான விடை மட்டும் ஏமாற்றாது. இருபது சாயத்தையும் ஒரே திரையில் காட்டி, நோய் இதுதான் என்று சொல்லும் வகுப்பு அழகாக இருக்கும், கற்றுத் தராது.

நம் நிலைமைக்கு ஏற்ற இன்னொரு பழக்கம், சாயங்களுக்கு வரம்பு வைப்பது. பல இடங்களில் ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் நோயாளியின் குடும்பம்தான் பணம் கட்டுகிறது. முதல் சுற்றில் ஆறே சாயம்தான், எவை என்று தேர்ந்தெடுங்கள் என்று கேட்டால் சிந்தனை கூர்மையாகும். சின்ன செல் நிறைந்த முதியவரின் கணுவுக்கு ஓர் ஆறு, அங்கங்கே பெரிய செல்கள் தெரியும் இளைஞரின் கணுவுக்கு வேறோர் ஆறு. எல்லாக் கணுவுக்கும் ஒரே பட்டியல் போடுவது பணத்தையும் மெழுகு பிளாக்கில் உள்ள திசுவையும் சேர்த்தே வீணாக்கும். தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்ஸியில் கிடைக்கும் மெல்லிய துண்டில் திசு தீர்ந்துவிட்டால் மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது.

திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக் கணுவை வெட்டாமல் சின்ன பாட்டிலில் திணித்து அனுப்பினால், உறைக்குள் ஃபார்மலின் மெதுவாகத்தான் இறங்கும், நடுப்பகுதி அழுகிவிடும். அப்புறம் எந்த நிபுணர் பார்த்தாலும் பயனில்லை, சாயமும் பொய் சொல்லும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, போதிய அளவு பஃபர் செய்த ஃபார்மலினில் போட வேண்டும். கெட்டுப்போன ஸ்லைடையும் ஒரு கேஸாகப் பயிற்சியில் வைக்க வேண்டும். இதில் பதில் சொல்ல முடியாது என்று சொல்லத் தெரிவதும் தேர்ச்சிதான்.

2022-இல் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு ஒரு பக்கம், சர்வதேச ஒருமித்த வகைப்பாடு இன்னொரு பக்கம். ஒரே ஆண்டில் இரண்டு. பெரும்பாலான நோய்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் பிரிகின்றன. நாடுலர் லிம்போசைட் பிரிடாமினன்ட் ஹாட்ஜ்கின் லிம்போமாவை ஒருமித்த வகைப்பாடு பி-செல் லிம்போமா என்று மாற்றிவிட்டது, உலக சுகாதார நிறுவனம் பழைய பெயரையே வைத்திருக்கிறது. ஃபாலிகுலர் லிம்போமாவில் பெரிய செல்களை எண்ணித் தரம் பிரிப்பதை உலக சுகாதார நிறுவனம் கட்டாயமில்லை என்றது, மற்றது தொடர்கிறது. மிக் (MYC), பிசிஎல்6 இரண்டு மரபணுவும் இடம் மாறிய லிம்போமாவுக்கு ஒருமித்த வகைப்பாட்டில் தற்காலிகமாகத் தனிப்பெயர் உண்டு, உலக சுகாதார நிறுவனத்தில் இல்லை. இருபது வருடமாக ஒரு மொழி பேசிவிட்டு மறுபடி இரண்டு மொழிக்குத் திரும்பியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பயிற்சிக்கு வருபவர் ஒரு பக்கம் சேர வேண்டியதில்லை. இரண்டு பெயரையும் ரிப்போர்ட்டில் எழுதி, எந்தக் கண்டுபிடிப்பை வைத்து அந்தப் பெயர் என்பதையும் சேர்த்துவிட்டால், படிக்கும் புற்றுநோய் மருத்துவர் தடுமாற மாட்டார். பெயர் நாளை மாறினாலும் சிடி20 ஏறியது ஏறியதுதான்.

ஆகவே பயிற்சியின் கடைசி மணி நேரத்தை ரிப்போர்ட் எழுதுவதற்கே வைக்க வேண்டும். முடிவு தெளிவாக இருக்கும் கேஸ் வேண்டாம், பாதியில் நிற்கும் கேஸைக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, நசுங்கிப்போன கோர் பயாப்ஸி, சின்ன பி-செல்கள், சிடி5-உம் சிடி10-உம் ஏறவில்லை, மிச்சம் திசு இல்லை. 'லிம்போமாவுக்கு வாய்ப்பு உண்டு, மருத்துவக் குறிப்புகளோடு பொருத்திப் பார்க்கவும்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் மருத்துவர் என்ன செய்வார்? அதற்குப் பதிலாக: சின்ன பி-செல் பெருக்கம் இருக்கிறது, நாட்பட்ட லுக்கீமியாவும் மேன்டில் செல்லும் இந்தச் சாயங்களின்படி சாத்தியம் குறைவு, மார்ஜினல் ஜோன் லிம்போமா என்ற இன்னொரு சின்ன பி-செல் வகையையும் நோய் எதிர்ப்பால் வந்த வீக்கத்தையும் இந்தத் துண்டில் பிரிக்க முடியவில்லை, எளிதில் எடுக்கக்கூடிய கணு ஒன்றை முழுதாக எடுத்து அனுப்பவும், ஒரு பகுதி ஃபுளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களைத் தனித்தனியாக அளக்கும் சோதனைக்கு) ஃபார்மலின் படாமல் வரட்டும். இப்படி எழுதிவிட்டு, சர்ஜனைப் போனில் கூப்பிட்டு, எந்தக் கணுவை எடுப்பது என்று அவரோடு பேசிவிட வேண்டும்.